எட்டாவது வரி

வண்டியை விற்பதென்று முடிவானதும் முதல் வேலையாக அதைக் கழுவினேன். 2025 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். மரக்காணத்தில் எங்கள் வீட்டு அடிபம்புக்குப் பக்கத்தில் நிறுத்தி நாலு குடம் ஊற்றினேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. ஆரோவில் செம்மண்தானே, போகட்டும் என்று இன்னும் நாலு குடம். அப்போதும் சிவப்பு நிற்கவில்லை. பின் மட்கார்டுக்குள் கையை விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். செம்மண் என்றால் விரலில் மாவு மாதிரி ஒட்டும். இது செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. ஒரு செதிலை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வெங்காயத் தோல் கனம்தான் இருக்கும். ஒரு பக்கம் கறுப்பு பெயின்ட், மறுபக்கம் துரு.

செம்மண்ணும் துருவும் ஒரே நிறம். நிறம் மட்டுமல்ல, சரக்கும் ஒன்றுதான். ஆரோவில் மேட்டு மண் சிவந்து கிடப்பதற்குக் காரணம் அதிலிருக்கும் இரும்பு ஆக்சைடு. தகரத்தில் பிடிக்கிற துருவும் இரும்பு ஆக்சைடுதான். ராத்திரி உப்பளக் காற்றிலும் பகலெல்லாம் செம்மண் தூசியிலும் இருபத்தோரு வருஷம் நின்ற வண்டி அது. எது மண், எது துரு என்று கழுவாமல் யாராலும் சொல்ல முடியாது. வாங்க வருகிறவர் துருவைத் துருவாகவே பார்க்க வேண்டும் என்றுதான் கழுவினேன்.

அப்படி நினைத்ததற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு.

2003-ல் ஆரோவில்லில் ஒரு தச்சுப் பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தது. மரக்காணத்திலிருந்து பட்டறை இருந்த குயிலாப்பாளையம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பஸ்ஸில் வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடியில் இறங்கி மேட்டில் ஏறி நடக்க வேண்டும். மூன்று மாதம் நடந்தேன். பிறகு அப்பா உப்பளத்தில் முன்பணம் வாங்கினார், நான் வட்டிக்கு வாங்கினேன். இரண்டும் சேர்ந்து 19,000 ரூபாய் ஆனது. அந்தப் பணத்துக்கு ஒரு ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் அமைந்தது. 97.2 சிசி. 1999 டிசம்பரில் விழுப்புரத்தில் பதிவான வண்டி. அந்த இரண்டு கம்பெனிகளும் 2010 டிசம்பரில் பிரிவதாக அறிவித்து, மறு வருஷம் ஹீரோ மோட்டோகார்ப் என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் பக்கம் இன்றைக்கும் அது ஹீரோ ஹோண்டாதான்.

வாங்கியபோது டேங்க் கண்ணாடி மாதிரி இருந்தது. எஞ்சினில் ஒரு சத்தம் கிடையாது. அப்பா வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்து, சீட்டைத் தட்டிப் பார்த்து, சரி என்றார். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுத்து வந்தோம்.

பன்னிரண்டாம் நாள் நல்ல மழை. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் போனதும் முழங்கால் பக்கம் பேன்ட் ஈரமாக இருந்தது. மழை ஈரம் இல்லை, பெட்ரோல் வாடை. டேங்கின் அடி மடிப்பில் வெள்ளையாக ஏதோ பிசுபிசுத்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். குளியல் சோப்பு. குண்டூசி அளவு ஓட்டையில் சோப்பைத் தேய்த்துவிட்டால் பெட்ரோல் அதைக் கரைக்காது. கொஞ்ச நாளைக்கு அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அந்த மாதமே ஆயில் மாற்றினேன், எஞ்சின் அமைதியாக இருந்ததன் காரணமும் வெளியே வந்தது. கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கி வைத்திருந்திருக்கிறார்கள். புது ஆயிலில் டைமிங் செயின் கலகலவென்று பேச ஆரம்பித்தது.

அப்பா திட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “உப்புல மண்ணக் கலந்து விக்கறவன்கூட ஒரு மூட்டையோட உட்டுடுவான்டா. இவன் நம்மள ரோட்டுல உட்டுட்டான்” என்றார். கேஸ் வெல்டிங் வைப்பவர் டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அந்த ஓட்டையை அடைத்துக் கொடுத்தார். அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. விற்றவர் யாரென்பது இப்போது யாருக்கும் வேண்டாம். ஆனால் இந்த வண்டியை என்றைக்காவது விற்றால் சோப்புத் தேய்த்து விற்பதில்லை என்று அன்றைக்கே மனசுக்குள் முடிந்துவிட்டது.

பிறகு அந்த வண்டியோடுதான் வாழ்க்கை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். கீற்று வேய்ந்து மூடிய குவியல்கள். அனுமந்தை, கூனிமேடு, கீழ்ப்புத்துப்பட்டு. காலாப்பட்டு வந்தால் புதுச்சேரி. பெட்ரோல் அங்கே விலை குறைவு, அங்கேதான் போடுவேன். பொம்மையார்பாளையத்தில் மறுபடி தமிழ்நாடு. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி மேட்டில் ஏறினால் சாலையோரம் சிவக்க ஆரம்பித்துவிடும். 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில்லைத் தொடங்கிவைத்தபோது 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டார்கள் என்று பட்டறைக்கு வருகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லுவார்கள். எனக்கு அந்த ஊர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஏர் ஃபில்டரைத் தட்டினால் கொட்டுகிற மண்தான். கோடையில் பத்து நாளுக்கு ஒரு தரம் தட்ட வேண்டும்.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவதற்கு ஒரு முறை இருந்தது. எஞ்சினை அணைத்து, சாவியை உருவி, இடது காலால் ஸ்டாண்டைத் தள்ளி, அப்படியே குனிந்து பெட்ரோல் காக்கைத் திருப்பி, டேங்கை ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போவேன். என் மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தத் தட்டும் சத்தத்தை வைத்துத்தான் அப்பா வந்தாச்சு என்று ஓடி வருவாள்.

துருவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அப்பா சொல்லித் தெரிந்தது. உப்பளத்துக்காரர்கள் சைக்கிளைப் பாத்தி வரப்பில் படுக்கப் போட மாட்டார்கள். காரணம் கேட்டபோது, உப்பை வாரி எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சுகிற தண்ணீரை விரலில் தொட்டு என் நாக்கில் வைத்தார். கரிப்பு இல்லை, கசப்பு. கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக ஏற்றிக் காயவைத்து, உப்புத் தண்ணீரின் கனத்தை அளக்கிற பாமே மானியில் 25 டிகிரி வரும்போதுதான் உப்புப் பூக்கும். 29, 30-ஐத் தொடுவதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். விட்டு வைத்தால் உப்பே கசந்துபோகும். அந்தக் கசப்பு மக்னீசியம். “இந்தத் தண்ணி பட்ட இடம் காயவே காயாதுடா” என்பார். பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தபோது அவர் சொன்னது கணக்காகவே இருந்தது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். எங்கள் கடற்கரையில் வருஷத்தில் எந்த ராத்திரி அதற்குக் கீழே இறங்குகிறது? மழை பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த இரும்பு ஈரமாகவேதான் இருக்கிறது. அந்த உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்துவதால் துரு இன்னும் வேகமாக அரிக்கிறது. அப்பா வாரம் ஒரு நாள் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, வேட்டித் துணியில் ஆயில் நனைத்து ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாகத் துடைப்பார். அவர் இருந்தவரை சக்கரத்தில் துரு இல்லை.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது வண்டியைப் பட்டறையில் விட்டிருந்தேன். ஆரோவில் காட்டில் மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. முந்திரித் தோப்புகளைப் பார்க்க முடியவில்லை. பட்டறைக் கூரையோடு விழுந்த கிளை ஒன்று என் வண்டியின் ஹேண்டில் மேல் கிடந்தது. நிமிர்த்தினார்கள். அன்றிலிருந்து வண்டி கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும்.

2016-ல் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்த ராத்திரி ஆட்டோ கிடைக்கவில்லை. அவரைப் பின்னால் உட்கார வைத்து, வேட்டியால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டி, கோரிமேடு ஜிப்மர் வரை ஓட்டினேன். வழி நெடுக என் முதுகில் தலையைச் சாய்த்திருந்தார். காலாப்பட்டு தாண்டும்போது, “செயின் லூசா இருக்குது பாரு, சத்தம் கேக்குது” என்றார். அதுதான் வண்டியைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்னது. விற்காமல் இத்தனை வருஷம் வைத்திருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. எங்கள் மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. உப்பளம், கழுவெளி, கடல் எல்லாம் ஒரே தண்ணீராகத் தெரிந்தது. குவித்து வைத்திருந்த உப்பு இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோனது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகளையும் அரிசியையும் மேலே ஏற்றினோம். வண்டியை ஏற்ற முடியவில்லை. ஒன்றரை நாள் அது உப்புத் தண்ணீரில் நின்றது.

தண்ணீர் வடிந்ததும் குயிலாப்பாளையத்து மெக்கானிக் அண்ணன் கடைக்கு டெம்போவில் ஏற்றிப் போனேன். பதினைந்து வருஷமாக அவர் கையில்தான் அந்த வண்டி. ஆயில் நட்டைக் கழற்றினார். கீழே வைத்த தட்டில் பால் அதிகமாகிப்போன டீ மாதிரி வந்தது. இரண்டு பேரும் பேசாமல் அது சொட்டி முடிகிற வரை பார்த்துக்கொண்டிருந்தோம். ஆயிலை ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றி, மூன்றாம் தடவைதான் ஆயில் ஆயில் நிறத்தில் வந்தது. கிக்கரை உதைத்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. சந்தோஷப்பட முடியவில்லை. “ஓடும். எத்தினி நாளுன்னு கேக்காத” என்றார்.

அவர் போட்ட கணக்கு 11,000 ரூபாயைத் தொட்டது. ஏற்கனவே இரண்டு முறை போர் அடித்து 0.50 சைஸ் பிஸ்டன் போட்ட எஞ்சின். மறுபடி போர் அடிக்க வேண்டும். ஹேண்டில் கோன் செட், சைலன்சர், பின்பக்கச் சேஸிஸ் வெல்டிங் இருக்கிறது. இதற்கிடையில் டிசம்பரோடு ஆர்.சி. காலமும் முடிந்தது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாக இரண்டு முறை புதுப்பித்தாயிற்று, இது மூன்றாவது. 2022 ஏப்ரலில் இருந்து மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கட்டணம் 300-லிருந்து 1,000 ஆகியிருந்தது, பசுமை வரி தனி. மகள் காலேஜில் சேர்ந்திருந்தாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், விற்றுவிடலாம் என்று.

“அப்படியே பேர் மாத்தாம குடுத்துடு, செலவு மிச்சம்” என்று நாலு பேர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பிரேக், ஹாரன், லைட், இண்டிகேட்டர் எல்லாம் சரிசெய்து திண்டிவனம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி முதலில் ஆர்.சி.யைப் புதுப்பித்தேன். எஞ்சினில் கை வைக்கவில்லை. அதற்குப் பணம் இல்லை.

பிறகு ஒரு தாளில் எழுதினேன். எங்கள் தெரு டீக்கடையில் ஒன்று, ஆரோவில் சோலார் கிச்சன் போர்டில் ஒன்று, மெக்கானிக் கடையில் ஒன்று. வண்டிப் பெயர், வருஷம், விலை 9,000, அதன் கீழே குறைகள், ஒவ்வொன்றும் ஒரு வரி:

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, எஞ்சினுக்குள் தண்ணீர் போனது, மூன்று முறை ஆயில் மாற்றியது, பிரித்துப் பார்க்கவில்லை.
காலையில் புகை வரும், போர் அடிக்க வேண்டும்.
ஹேண்டில் இடப்பக்கம் இழுக்கும்.
டேங்க் அடியில் பழைய வெல்டிங் உண்டு.
சைலன்சரில் ஓட்டை.
சீட்டுக்கு அடியில் பின் ஷாக் அப்சார்பர் மாட்டுகிற இடத்தில் சேஸிஸ் துருப் பிடித்திருக்கிறது.
மீட்டர் 41,000 காட்டும், மூன்று தடவை சுற்றி வந்த மீட்டர் அது.

ஏழு வரி. எழுதி முடித்துப் படித்தபோது ஒரு நிம்மதி இருந்தது.

முதலில் வந்தவர் பழைய வண்டி வாங்கி விற்கிறவர். சீட்டைப் படித்துவிட்டு என்னை ஒரு பெரியப்பா மாதிரி பார்த்தார். “இன்னா தம்பி, நீயே உன் வண்டிய இப்படி எழுதி வெச்சா எவன் வாங்குவான்? ஒரு கறுப்பு பெயின்ட், ஒரு கெட்டி ஆயில், சீட்டு கவரு புதுசு. 15,000-க்குக் குறையாது. எங்கிட்ட 5,000-க்குக் குடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்.” கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அந்தத் தொழிலில் அப்படித்தான் பேசுவார்கள். எனக்கு அவர் முகத்தில் 2003 தெரிந்தது. டேங்கைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா தெரிந்தார். வேண்டாங்க என்று அனுப்பினேன்.

அடுத்து ஆரோவில்லில் தன்னார்வலராக வந்திருந்த ஒரு வடநாட்டுப் பையன். குறைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்தான். 10,000 தருகிறேன் என்றான், கேட்டதைவிட ஆயிரம் அதிகம். ஆறு மாதம் ஓட்டிவிட்டுப் போகும்போது அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவானாம். பெயர் மாற்ற வேண்டாமாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் முடிவு சொன்னது. வண்டி கை மாறி, மறுபடி கை மாறி எங்கேயோ போயிருந்தாலும், அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு. பட்டறைக்கு வந்த ஒரு வக்கீல் அய்யா இதை எங்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். பழைய வண்டி விற்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். படிவம் 29, படிவம் 30 இரண்டும் வாங்குகிறவருக்கான சடங்கு என்று நினைக்கிறோம். அவை விற்கிறவரைக் காப்பாற்றுகிற காகிதங்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. சேஸிஸ் துருவை நான் இந்தப் பையனிடம் சொல்லிவிட்டேன். ஆறு மாதம் கழித்து இவன் அடுத்தவனிடம் சொல்லுவானா? அவனிடம் சங்கடப்படாமல் பேசி, வாடகை வண்டி கிடைக்கிற இடத்தைக் காட்டி அனுப்பினேன்.

மூன்றாவதாக வந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்களே. புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் உப்பளத்தில் வேலை. அப்பாவோடு அந்த அண்ணன் பாத்தி மிதித்திருக்கிறார். ஐப்பசி பிறந்தால் மழை, உப்பள வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் அவர் புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போவார். விடியற்காலை பஸ்ஸை விட்டால் அன்றைக்குக் கூலி போச்சு. அதற்குத்தான் வண்டி.

அண்ணன் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். அக்கா வண்டியைப் பார்க்கவில்லை, சீட்டை வாங்கி ஏழு வரியையும் வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு என்னைக் கேட்டார்: “தம்பி, இதுல எது காசு, எது உசுரு?”

நான் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. அப்படி நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. எனக்கு எல்லாம் குறை, எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், என் வேலை முடிந்தது என்று இருந்தேன். புகையும் சைலன்சரும் மீட்டரும் காசு. எஞ்சின் நின்றுபோனால் தள்ளிக்கொண்டு வரலாம், அதுவும் காசுதான். ஹேண்டில் இழுப்பதும், பின் சேஸிஸ் துருவும் உயிர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பக்கத்தில் பஸ் போகும்போது ஷாக் அப்சார்பர் பிய்த்துக்கொண்டால் என்ன ஆகும்? அதைச் சொன்னேன். “அப்ப அந்த ரெண்டையும் நீ சரி பண்ணிக் குடு. மத்தத நாங்க பாத்துக்கறோம்” என்றார். நியாயம் என்று பட்டது. மெக்கானிக் அண்ணன் துருவைச் சுரண்டி, தகடு வைத்து வெல்டிங் அடித்து, கோன் செட் மாற்றிக் கொடுத்தார். 2,300 ஆனது.

விலை 7,000-க்கு முடிந்தது. உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு தருகிற மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாயை அக்கா செலவு பண்ணாமல் வைத்திருந்தார். அதை அப்படியே எண்ணி வைத்தார். மீதி 2,000 உப்பு வார ஆரம்பித்ததும். பிப்ரவரி முதல் வாரம் படிவங்களில் கையெழுத்துப் போட்டோம். பெயர் மாறியது. ஏழு வரிச் சீட்டை அக்கா நாலாக மடித்து ஆர்.சி. வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டார். அண்ணன் வண்டியை எடுத்தபோது நான் வாசலில் நிற்கவில்லை, பின்பக்கம் போய்விட்டேன். மகள்தான் டாட்டா காட்டினாள்.

பதினோராம் நாள் விடிகிற நேரம் போன் வந்தது. அக்கா. “தம்பி, வண்டியில இருந்து பெட்ரோல் ஒழுவுது. ராத்திரி பூரா ஒழுவியிருக்குது போல. கொஞ்சம் வர்றியா?” குரலில் கோபம் இல்லை. அதுவே என்னைப் பதறவைத்தது.

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஓடினேன். முன்பக்கச் சார்ப்பில் வண்டி, அதற்கு நாலடி தள்ளி விறகடுப்பு. தரையில் பெட்ரோல் ஊறி மண் கறுத்திருந்தது. அடுப்பில் விறகும் ஓலையும் அடுக்கி, பக்கத்தில் தீப்பெட்டி. பற்றவைக்கக் குனிந்தபோது வாடை வந்ததாம், நிறுத்திவிட்டாராம். பிள்ளைகள் இன்னும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கீழே உட்கார்ந்து கார்ப்பரேட்டரைப் பார்த்தேன். ஓவர்ஃப்ளோ குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழுந்தது. அடுத்தது திரண்டது. என் இடது கை தானாகப் போய் காக்கைத் திருப்பியது. சொட்டு நின்றது.

கை போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற சின்ன ஊசி தேய்ந்துபோய் பல வருஷம் ஆகிறது. அது 2018-லோ என்னவோ. மெக்கானிக் அண்ணன் அன்றைக்கே சொன்னார், மாற்றிவிடு, இல்லாவிட்டால் நிறுத்தும்போதெல்லாம் காக்கை மூடு என்று. மூடினேன். தினமும் மூடினேன். ஸ்டாண்டைத் தள்ளி, குனிந்து, காக்கைத் திருப்பி, டேங்கைத் தட்டி. நாளடைவில் அது குறை என்பதே போய், வீட்டுக்கு வருகிற விதமாக ஆகிவிட்டது. சீட்டு எழுத உட்கார்ந்தபோது துரு ஞாபகம் வந்தது, புகை ஞாபகம் வந்தது, மீட்டர்கூட ஞாபகம் வந்தது. இது வரவில்லை. ஏழு வரியிலும் இல்லாத இதுதான் விறகடுப்புக்கு நாலடியில் நின்றது.

அக்காவிடம் அப்படியே சொன்னேன். மறைக்கவில்லை அக்கா, எனக்கே தெரியாமல் போயிற்று என்றேன். அவர் பதில் சொல்லாமல் வண்டியைத் தெருவுக்குத் தள்ளச் சொன்னார். அண்ணனும் நானும் தள்ளினோம். ஊறிய மண்ணை மண்வெட்டியால் வெட்டி எடுத்துத் தெருக்கோடியில் கொட்டினேன். கடை திறக்கிற வரை காத்திருந்து, கார்ப்பரேட்டர் ரிப்பேர் கிட் வாங்கி, ஊசியை மாற்ற வைத்து, காக்கைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் அடியில் வெள்ளைத் தாள் விரித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. மீதிப் பணம் 2,000 வேண்டாம் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, ஊசிக்கு நான் கொடுத்ததை மட்டும் என் கணக்கில் விட்டார்.

அக்கா உள்ளே போய் ஆர்.சி. உறையை எடுத்து வந்தார். அதிலிருந்து சீட்டைப் பிரித்து, பிள்ளையின் பேனாவோடு நீட்டினார்.

“எழுது தம்பி.”

ஏழாவது வரிக்குக் கீழே எழுதினேன்: கார்ப்பரேட்டர் ஊசி தேய்ந்தது, நிறுத்தினால் பெட்ரோல் ஒழுகும். பக்கத்தில் மாற்றியாச்சு என்று போட்டுத் தேதி போட்டேன்.

“வேற?”

தெருவில் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் போனேன். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். பட்டறையிலிருந்து சாயங்காலம் கிளம்புகிற மாதிரி சாவியைப் போட்டேன், கிளட்சைப் பிடித்தேன், நாலு கியரையும் மனசுக்குள் போட்டேன். காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை. வீட்டு வாசல். அணைத்து, சாவியை உருவி, காலால் ஸ்டாண்டைத் தள்ளி, குனிந்து, திருப்பி, தட்டினேன். கை வேறெங்கே தானாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இன்னொரு தரம் முதலிலிருந்து செய்தேன். அண்ணனும் அக்காவும் பேசாமல் நின்றார்கள்.

“வேற இல்லக்கா” என்றேன்.

அவர் சீட்டை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, சார்ப்புக்குப் போய் ஒரு தரம் மோந்து பார்த்து, அடுப்பைப் பற்றவைத்தார்.